கெட்ட நினைப்போடு கட்டிய பூ: ஒரு நிகழ்வு ஆய்வு

வந்த காரணம்

இந்த ஆய்வில் வருபவருக்கு நாற்பதை நெருங்கும் வயது. மதுரைக்குத் தெற்கே, நகரம் முடிந்து வயல் தொடங்கும் ஓர் ஊரில் இருக்கிறார். பூக்கடைக்காரர் கொடுக்கும் உதிரி மல்லியை வாங்கி, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கட்டிக் கொடுப்பது அவர் தொழில். கணவர் குட்டியானை வண்டி ஓட்டுகிறார். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டிலிருந்து விருதுநகர், சிவகாசிப் பக்கம் விடியற்காலையில் சரக்கு ஏற்றிக்கொண்டு போவார். கல்லூரியில் படிக்கும் மகள், பள்ளிக்குப் போகும் மகன், உடன் மாமியார். அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இதே தொல்லையோடு வந்த வேறு சிலர் சொன்னவையும் இதில் கலந்திருக்கின்றன.

தூக்கமில்லை, பிடரி வலிக்கிறது என்றுதான் வந்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர், சுகர், தைராய்டு எல்லாம் பார்த்தாயிற்று, எதிலும் குறையில்லை. மனதில் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி மருத்துவர் என்னிடம் அனுப்பினார். நம் பக்கத்தில் மனக்கவலை தலைவலியாகவோ, நெஞ்சுப் படபடப்பாகவோ, "கிறுகிறுன்னு வருது" என்ற பேச்சாகவோதான் பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும். அன்று வெகுநேரம் பிடரி வலியைப் பற்றியும் பூ விலையைப் பற்றியுமே பேசினார். எழுந்து கிளம்பும்போது, கதவில் கையை வைத்தபடி கேட்டார்: "மேடம், ஒருத்தர் செத்துப்போகட்டும்னு நம்ம மனசுல வந்துட்டா, அது நடந்துருமா?"

மறுபடி உட்காரச் சொன்னேன்.

சித்திரை வீதியில் நடந்தது

இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய சித்திரைத் திருவிழா. மாமியாரோடும் மகளோடும் சித்திரை வீதியில் நின்று, மீனாட்சி திருக்கல்யாணத்தைப் பெரிய திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மனுக்கு மங்கல நாண் பூட்டும் நேரத்தில் மதுரைப் பெண்கள் தங்கள் தாலிக் கயிற்றை மாற்றிக்கொள்வது வழக்கம். இவரும் புது மஞ்சள் கயிற்றைக் கழுத்தில் போட்டு முடிச்சிடும்போது, "இவரு செத்துப்போகட்டும்" என்று மனதுக்குள் ஓடியது.

காதில் குரல் கேட்டதா, யாராவது சொல்ல வைத்ததுபோல் இருந்ததா என்று கேட்டேன். இல்லை, தன் நினைப்புத்தான் என்று தெளிவாகச் சொன்னார். இதைக் கேட்டே ஆக வேண்டும். குரல் கேட்பவருக்கான சிகிச்சை வேறு. திருக்கல்யாணத்துக்கு முந்தின இரவு வண்டி டியூ கட்டுவதில் கணவரோடு பெரிய சண்டை. அரைத்தூக்கம், வெயில், கூட்டம், மனதில் ஆறாத கோபம். அப்படிப்பட்ட வேளையில் எந்த மனமும் எதையாவது வீசிவிடும். அது அடிமனத்து ஆசை என்று தோண்டிக்கொண்டு போவதில் எனக்கு உடன்பாடில்லை. ஏற்கெனவே குற்ற உணர்வில் வெந்துகொண்டிருப்பவரை அது இன்னும் வேக வைக்கும்.

"எந்த நேரத்துல, எந்த இடத்துல மேடம்! ஆத்தா கழுத்துல தாலி ஏறுற நேரம். ஊர்ல எவளுக்காச்சும் இப்படி வருமா?"

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல்தான் அவர் இரண்டு ஆண்டுகள் தனியாக அல்லாடியிருக்கிறார். கணவரிடம் சொல்ல முடியாது. மாமியாரிடம் வாயே திறக்க முடியாது.

பரவிய விதம்

முதலில் தாலியைக் கண்ணில் ஒற்றி அம்மனிடம் மன்னிப்புக் கேட்டார். மனது லேசானது. மறுநாள் அதே நினைப்பு வந்தது. மூன்று முறை ஒற்றினார். அப்புறம் மூன்று முறையும் சரியாக ஒற்றினோமா என்ற சந்தேகம் வந்து, முதலிலிருந்து தொடங்கினார். கணவர் வண்டி எடுத்துக்கொண்டு கிளம்பியதும் போன் போட ஆரம்பித்தார். கப்பலூர் டோல்கேட் தாண்டியிருப்பார் என்று ஒரு போன், விருதுநகர் போயிருப்பார் என்று ஒரு போன். தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் உடனே ஒன்று. எடுக்காவிட்டால் எடுக்கும்வரை.

பூக் கட்டும் வேலையில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பாதிப்பின் முழு அளவும் எனக்குப் புரிந்தது அங்கேதான். மொட்டுகளை இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என வைத்து, நாரைச் சுற்றி விரலால் இழுத்தால் ஒரு முடிச்சு. பழகிய கைக்குக் கண்கூடத் தேவையில்லை. கை வேலை செய்யும், மனம் சும்மா கிடக்கும். அந்தச் சும்மா கிடக்கும் நேரத்தில்தான் நினைப்பு வரும். அது வந்த நொடியில் விழுந்த முடிச்சு அவருக்குக் கெட்ட முடிச்சு. அந்தப் பூ எந்தப் புதுப்பெண் தலையில் ஏறுமோ, அவள் புருஷனுக்கு என்ன ஆகுமோ என்று அந்த ஒரு முடிச்சை அவிழ்த்தார். சில மாதங்களில் அந்த முழத்தையே அவிழ்க்க ஆரம்பித்தார். பிறகு சரம் முழுவதையும்.

அவிழ்த்த மல்லியில் காம்பு ஒடிந்துபோகும். விரல் பட்ட இடம் பழுப்பேறும். மதியத்துக்குள் கடைக்குப் போக வேண்டிய சரம் சாயங்காலம் போனது. அதற்குள் மொட்டு வாய் திறந்துவிடும், விரிந்த பூவைக் கடைக்காரர் வாங்கமாட்டார். கூலி பாதியாகக் குறைந்தது. முகூர்த்த நாட்களில், நாலு காசு பார்க்கும் நேரத்தில், கடைக்காரர் இவருக்குப் பூக் கொடுப்பதையே குறைத்துக்கொண்டார். வீட்டில் எல்லோரும் இவர் கை மந்தமாகிவிட்டது என்று நினைத்தார்கள்.

இதோடு நிற்கவில்லை. வளைகாப்பு, நிச்சயம், கல்யாணம் என்று யார் கூப்பிட்டாலும் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுவார். "நல்ல காரியத்துக்கு என் கை ஆகாது" என்பது அவர் முடிவு. அக்கம்பக்கத்தில் யாருக்கும் குங்குமம் கொடுப்பதில்லை. மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போய் ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. அடிக்கடி போய்ப் பொற்றாமரைக்குளத்துப் படியில் உட்கார்ந்துவிட்டு வந்தவர் அவர்.

இடையில் மாமியார் பாண்டி கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டிவிட்டார். கோடாங்கியிடம் குறி கேட்டு, திருநீறு வாங்கி வந்தார்கள். சில நாட்கள் நிம்மதி. பிறகு அந்தத் திருநீறும் சடங்கில் சேர்ந்துகொண்டது: வண்டி கிளம்பும் முன் ஸ்டியரிங்கில் பூச வேண்டும், பூசியது சரியாகப் படிந்ததா என்று பார்க்க வேண்டும். கோயிலையும் கோடாங்கியையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. வேறு யாரிடமும் வாய் திறக்க முடியாதவருக்கு அங்கே ஓர் ஆறுதல் கிடைத்தது உண்மை. ஆனால் இந்தத் தொல்லையின் குணமே அப்படி: எதைக் கொடுத்து அதை அடக்கப் பார்த்தாலும் அதையே தன் சாப்பாடாக்கிக்கொள்ளும்.

மதிப்பீடு

மாமியாரை வெளியே உட்காரவைத்துவிட்டுத் தனியாகக் கேட்க வேண்டியவற்றைக் கேட்டேன். கணவர் அடிப்பாரா? இல்லை. அவருக்குக் கெடுதல் செய்ய வேண்டும் என்ற ஆத்திரமோ திட்டமோ உண்டா? கேட்டதற்கே அழுதுவிட்டார். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றியிருக்கிறதா? "செத்துட்டா இந்த நெனப்பும் போயிரும்னு ஒரு தடவை வந்துச்சு. பிள்ளைக முகத்தப் பாத்து விட்டுட்டேன்." எந்த ஏற்பாடும் செய்யவில்லை. ஆனாலும் இதை ஒவ்வோர் அமர்விலும் திரும்பக் கேட்டேன். இரவில் மனம் கலங்கினால் கூப்பிடச் சொல்லி, 2022இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் எண்ணான 14416ஐ அவர் போனில் பதிந்து கொடுத்தேன்.

வேண்டாத நினைப்பும் அதை அடக்கச் செய்யும் சடங்கும் ஓயாமல் திரும்பத் திரும்ப வரும் நோய்க்கு ஓசிடி என்று பெயர். அதன் தீவிரத்தை அளக்க உலகம் முழுவதும் பயன்படும் யேல்-பிரவுன் அளவுகோலில் மொத்த மதிப்பெண் 40. 8 முதல் 15 வரை லேசானது என்று கணக்கு. இவர் அந்த லேசான எல்லையின் மேல்விளிம்பில் இருந்தார். நினைப்பும் சடங்கும் சேர்ந்து நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தின்றால் நோய் என்று கருத இடமுண்டு என்பது பொது வழிகாட்டல். இவருக்குச் சில நாள் அதற்குள், சில நாள் அதற்கு மேல். அதே நேரம், உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்வி நல்வாழ்வுப் படிவத்தில் நூற்றுக்கு ஐம்பதைவிட வெகு கீழே இருந்தார். உற்சாகமாக எழுந்தேனா, ஆர்வம் தரும் விஷயங்கள் நாளில் இருந்தனவா என்று கேட்கும் எளிய கேள்விகள் அவை. நோயின் அளவு லேசு, வாழ்வின் இழப்பு பெரிது. இந்த இடைவெளியை நாம் போதுமான அளவு பார்ப்பதில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

எவளுக்காச்சும் வருமா?

1978இல் லண்டனில் ராக்மன், டி சில்வா என்ற இரு ஆய்வாளர்கள், எந்த மனநோயும் இல்லாத சாதாரண மக்களிடம் வேண்டாத நினைப்புகள் பற்றிக் கேட்டார்கள். ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் தங்களுக்கு வருவதாகச் சொன்னார்கள். நெருங்கியவரைக் காயப்படுத்துவது, உயரத்திலிருந்து குதிப்பது, கோயில் போன்ற இடத்தில் அசிங்கமாகக் கத்துவது எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. நோயாளிகளின் நினைப்புகளையும் இவர்களின் நினைப்புகளையும் கலந்து கொடுத்தபோது, எது யாருடையது என்று அனுபவமுள்ள மருத்துவர்களாலேயே எளிதில் பிரிக்க முடியவில்லை. 2014இல் வெளியான இன்னோர் ஆய்வு 13 நாடுகளில் 777 கல்லூரி மாணவர்களிடம் நடந்தது. அதற்கு முந்தைய மூன்று மாதங்களில் இப்படி ஒரு நினைப்பாவது வந்ததாகச் சொன்னவர்கள் 94 விழுக்காடு.

நோய் என்ற அளவுக்குப் போகிறவர்கள் இதில் மிகச் சிலரே. தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில் ஓசிடி உள்ளவர்கள் 0.76 விழுக்காடு. அமெரிக்காவில் 2010இல் வெளியான ஆய்வில், வாழ்நாளில் எப்போதாவது ஓசிடி வந்தவர்கள் 2.3 விழுக்காடு. ஆனால் அதே ஆய்வில், நோய் என்று பெயர் பெறாவிட்டாலும் ஓயாத நினைப்போ கட்டாயச் செயலோ ஏதோ ஒரு காலத்தில் இருந்தது என்றவர்கள் நாலில் ஒரு பங்குக்கும் மேல். நம் பெண்ணைப் போன்றவர்கள் நிற்பது இந்த நடுப்பகுதியில்தான். மருத்துவமனைக் கணக்கில் வரமாட்டார்கள், வீட்டுக் கணக்கிலும் வரமாட்டார்கள்.

எல்லோருக்கும் வரும் நினைப்பு சிலரிடம் மட்டும் ஏன் தங்கிவிடுகிறது? உளவியலாளர் சல்கோவ்ஸ்கிஸ் 1985இல் சொன்ன விளக்கம் இந்தப் பெண்ணுக்கு அப்படியே பொருந்துகிறது. நினைப்பு வருவதில் ஒன்றுமில்லை. "இது வந்துவிட்டதால், ஏதாவது நடந்தால் நான்தான் பொறுப்பு" என்று எடுத்துக்கொள்ளும்போது அது பூதமாகிறது. நினைத்தாலே நடந்துவிடும், நினைப்பதே செய்ததற்குச் சமம் என்ற நம்பிக்கை அதற்கு உரம். பொறுப்பும் பாசமும் அதிகம் உள்ளவர்களிடம் இது ஆழமாக வேர் பிடிக்கும். பிள்ளை பெற்ற புதிதில் தாய்மாரில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குக் குழந்தைக்குத் தாமே தீங்கு செய்வதுபோன்ற நினைப்பு வருகிறது என்று கனடாவில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த நினைப்பு வந்த தாய்மார், வராதவர்களைவிடக் குழந்தையிடம் முரட்டுத்தனமாக நடந்துகொள்ளவில்லை என்றும் அங்கே 2022இல் வெளியான ஆய்வு சொன்னது. இதை நம் பிரசவ வார்டுகளில் யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை.

சிகிச்சை

மனநல மருத்துவர் ஒருவரும் அவரைப் பார்த்தார். ஓசிடிக்குத் தரப்படும் மாத்திரைகள் பலன் தர 8 முதல் 12 வாரம் ஆகலாம், மனச்சோர்வுக்குத் தருவதைவிடக் கூடுதல் அளவும் தேவைப்படலாம். இப்போதைக்குப் பேச்சுச் சிகிச்சையில் தொடங்குவோம், குறையாவிட்டால் மாத்திரை சேர்ப்போம் என்று இருவரும் முடிவு செய்தோம்.

நான் முதலில் செய்தது, சில துண்டுச் சீட்டுகளை அவர் முன் வைத்தது. ஒரு மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்தில், யாரிடமும் சொல்லாத வேண்டாத நினைப்பு ஏதாவது இருந்தால் பெயர் போடாமல் எழுதித் தரச் சொல்லியிருந்தேன். மற்றவர்களுக்குக் காட்டச் சம்மதம் கேட்டுத்தான் வாங்கினேன். அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும், ஒவ்வொன்றாகப் படித்தார். "கைப்பிள்ளையத் தூக்கிட்டுக் கெணத்துப் பக்கம் போனா போட்டுருவனோனு வருது." "பூசாரி தீபாராதனை காட்டும்போது வாயில வராத வார்த்த வருது." "மாடிப்படியில மாமியாரத் தள்ளிவிட்டா என்னனு." "கேஸ மூடுனனா இல்லையானு பஸ் ஸ்டாண்டுல இருந்து திரும்பி வந்தேன்." "திருப்பரங்குன்றம் மலையில நின்னா குதிச்சுருவனோனு காலு கூசுது." மாமியார் சீட்டில் கொஞ்சம் சிரித்தார். கிணற்றுச் சீட்டை மட்டும் நெடுநேரம் கையில் வைத்திருந்துவிட்டு, "பாவம், இந்தப் பிள்ளைகிட்ட யாராச்சும் சொல்லுங்க மேடம், அவ அப்படிச் செய்யமாட்டானு" என்றார். அதையே தனக்குச் சொல்லிக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. ஆனால் அடுத்த முறை வரும்போது பிடரி வலியைப் பற்றிப் பேசவில்லை.

நினைப்பை விரட்டினால் என்ன ஆகும் என்று பார்க்க ஒரு சின்னப் பரிசோதனை. வெள்ளைக் கரடியை நினைக்காதே என்று ஆட்களிடம் சொல்லிப் பார்த்து உளவியலாளர் வெக்னர் 1987இல் வெளியிட்ட ஆய்வின் வழி இது. வண்டியூர்த் தெப்பக்குளத்து மைய மண்டபத்தை இரண்டு நிமிடம் நினைக்கவே கூடாது, நினைப்பு வந்தால் மேசையைத் தட்டுங்கள் என்றேன். தட்டிக்கொண்டே இருந்தார்.

நினைத்தால் நடக்குமா என்ற கேள்விக்கும் வாயால் விடை சொல்லாமல் சோதித்துப் பார்த்தோம். எனக்கு நாளைக்குள் பல்வலி வரட்டும் என்று நினையுங்கள் என்றேன். "உங்களுக்கு வேணாம் மேடம்" என்று பதறினார். சரி, நாளை மல்லி விலை ஏறட்டும் என்று காலை மாலை மனதார நினையுங்கள் என்றேன். அது அவருக்குப் பிடித்தது. அடுத்த அமர்வில் அவரே சொன்னார்: "நெனச்சா நடக்கும்னா மேடம், மொதல்ல பூ வெலைதான ஏறியிருக்கணும். நாங்க அம்புட்டுப் பேரும் அதத்தான நெனைக்கிறோம்." பல்வலிச் சோதனைக்குச் சில வாரம் கழித்துத் துணிந்தார். எனக்குப் பல்வலி வரவில்லை.

அதன்பிறகுதான் கடினமான பகுதி. ஓசிடிக்கு மிக நல்ல பலன் தருவதாக நிலைபெற்ற வழி, 1966இல் உளவியலாளர் விக்டர் மேயர் காட்டியது: பயம் தருவதை எதிர்கொள்ள வேண்டும், வழக்கமான பரிகாரத்தைச் செய்யாமல் இருக்க வேண்டும். நினைப்பு வந்தபோது விழுந்த முடிச்சை அவிழ்க்காமல் விடுவது என்று ஒத்துக்கொண்டோம். அந்தச் சரத்தை முதலில் வீட்டுச் சாமி படத்துக்குப் போட்டார். பிறகு தானே வைத்துக்கொண்டார். கடைக்குக் கொடுக்கும் நாள் வந்தபோது உள்ளங்கை வியர்த்து நார் வழுக்கியதாம். பதற்றம் தானாக இறங்கும்வரை வேறு எதுவும் செய்யக் கூடாது என்பது பேச்சு. முதல் நாள் மதியம்வரை இறங்கவில்லை. போகப் போக ஒரு டீ குடிக்கும் நேரத்தில் இறங்கியது. மகள் தலையில் வைத்துவிடுவதைக் கடைசிக்கு ஒதுக்கியிருந்தோம்.

தாலியைக் கண்ணில் ஒற்றுவதை நான் நிறுத்தச் சொல்லவில்லை. காலையில் குளித்துவிட்டு ஒற்றுவது அவர் பக்தி, அது அப்படியே இருக்கட்டும். நினைப்பு வந்ததும் பயந்து ஒற்றுவதை மட்டும் விடச் சொன்னேன். இந்தக் கோட்டைக் கவனமாகப் போடாவிட்டால், சிகிச்சை தன் சாமியைப் பறிக்கிறது என்று அவர் ஓடிவிட்டிருப்பார்.

போன் விஷயத்துக்குக் கணவரையும் அழைத்துப் பேசினேன். "எடுக்கலேன்னா அழுவா. அதான் ஓட்டிக்கிட்டே எடுத்துருவேன்" என்றார் அவர். விடியற்காலை இருட்டில், நாலுவழிச் சாலையில், ஒரு கையில் போன். அதைக் கேட்டதும் இவர் முகம் மாறிவிட்டது. அன்றிலிருந்து போய்ச் சேர்ந்ததும் அவர் ஒரு போன் செய்வது, இடையில் இவர் கூப்பிடுவதில்லை என்று ஏற்பாடு.

அந்த அமர்வில்தான் அவரே கணவரிடம் விஷயத்தைச் சொன்னார். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பைனான்ஸ்காரன் தெனமும்தான் என்னைய நெனைக்கிறான், நான் நல்லாத்தான இருக்கேன்" என்றார். இருவரும் சிரித்தார்கள். இவ்வளவு நாள் பூட்டிவைத்தது ஒரு நொடியில் சாதாரணப் பேச்சாகிவிட்டது. ஆனால் அடுத்த வாரமே, அதே வார்த்தையைத் திரும்பச் சொல்லச் சொல்லித் தினமும் அவரிடம் கேட்க ஆரம்பித்திருந்தார். ஆறுதலும் மருந்துபோலத்தான், ஓயாமல் கேட்டால் அதுவே சடங்காகிவிடும். "ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டால், "நெனப்பு வந்துருச்சா? சரி, வந்துட்டுப் போகட்டும்" என்று மட்டும் சொல்லும்படி வீட்டாருக்குச் சொல்லிக் கொடுத்தேன். மாமியார் இதை என்னைவிட நன்றாகச் செய்தார்: "வந்தா வரட்டும் தாயி, ஆத்தாவுக்குத் தெரியாதா உன் மனசு. நீ பூவக் கட்டு."

இப்போதைய நிலை

ஆறு மாதம் ஆகிறது. நினைப்பு நின்றுவிட்டதா என்றால், இல்லை. வாரத்துக்குச் சில முறை வருகிறது, வந்த வழியே போகிறது. அவிழ்ப்பது நின்றுவிட்டது. முகூர்த்த நாட்களில் கடைக்காரர் பழையபடி பூக் கொடுக்கிறார். தூக்கம் திரும்பியிருக்கிறது. நல்வாழ்வுப் படிவத்தில் ஐம்பதைத் தாண்டியிருக்கிறார். மாத்திரை தேவைப்படவில்லை. பிடரி வலி பாதிதான் குறைந்தது. மீதி குனிந்தே வேலை செய்வதால் வருவது, அதற்குப் பிசியோதெரபி சொல்லியிருக்கிறோம்.

மகன் பொதுத்தேர்வு எழுதிய வாரத்தில் நினைப்பு கணவரை விட்டு மகன் போகும் பஸ்ஸுக்குத் தாவியது. ஆள் மாறினாலும் விஷயம் பழையதுதான் என்று அவரே கண்டுகொண்டு, பள்ளிக்குப் போன் போடாமல் இருந்தார். மகளுக்கு இப்போது வரன் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். நிச்சயம், தாலிக்குப் பொன் உருக்குவது, முகூர்த்தம் என்று இவர் முன்பு ஒதுங்கி ஓடிய இடங்களெல்லாம் வரிசையாக வரப்போகின்றன. அதனால் தை பிறப்பதற்குள் ஓர் அமர்வு வேண்டும் என்று அவரே கேட்டுத் தேதி வாங்கிப் போயிருக்கிறார்.